ஜீன் கிரே திரையில் இரண்டு முறை எரிந்தாள். ஏன் ஒரு முறைகூட நமக்குச் சுடவில்லை?

மைத்துளி

நேற்று ராத்திரி 'டார்க் ஃபீனிக்ஸ்' படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 2019இல் வந்தபோது கோபத்தோடு பார்த்தேன். அந்தக் கோபத்தில் படத்துக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. இந்த முறை கோபமே வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி ஜான் பைர்ன் வரைந்து, 1980இல் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் காமிக்ஸ் இதழ்களில் வந்த தொடர் இது. ஜீன் கிரேயிடம் பிரபஞ்ச அளவிலான ஒரு சக்தி வந்து சேர்கிறது. மெல்ல மெல்ல அது அவளை மீறிப் போகிறது. பசி தாளாமல் ஒரு நட்சத்திரத்தையே விழுங்குகிறாள், அதன் கோளில் வாழ்ந்த 500 கோடி உயிர்கள் அழிகின்றன. கடைசியில், தான் யார் என்று நினைவு திரும்பிய ஒரு நொடியில், அவளே முடிவெடுத்துச் சாகிறாள்.

இதைப் படமாக்க இரண்டு முயற்சிகள் நடந்தன. ஒன்று 2006இல் வந்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்', மற்றது இது. இரண்டின் திரைக்கதையிலும் சைமன் கின்பெர்க் இருந்தார், இரண்டாவதை இயக்கியதும் அவரே. ஒருமுறை தவறவிட்டதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு சினிமாவில் யாருக்குக் கிடைக்கும்? அவருக்குக் கிடைத்தது. அப்படியும் கைகூடவில்லை. அதனால் இதை அக்கறையின்மை, திறமையின்மை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. ஜீன் 1963இல், முதல் இதழிலேயே அறிமுகமானவள். நடுவில் ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டார்கள், அதைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். அந்தச் சக்தி வந்து அவள் ஃபீனிக்ஸ் ஆனது 1976இல். அதற்குப் பிறகும் நான்கு வருடம், இதழுக்கு ஒரு துளியாக அவள் மாறிக்கொண்டே வந்தாள். வாசகர்களுக்கு அவளுடைய சிரிப்பு தெரியும், காதலன் ஸ்காட்டோடு போட்ட சண்டை தெரியும், அவள் எதற்குப் பயப்படுவாள் என்பதும் தெரியும். படத்திலோ இந்த ஜீன் அதற்கு முன் ஒரே ஒரு படத்தில், 2016இல், கூட்டத்தோடு கூட்டமாக வந்தவள். "ஐயோ, இவள் இப்படி ஆகிவிட்டாளே" என்று பதற வேண்டுமென்றால், முன்பு எப்படி இருந்தாள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

காமிக்ஸ் படங்கள் பல விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பத்து, இருபது வருடம் ஓடிய தொடரின் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிய்த்து எடுத்து வருகிறார்கள். வாசகனின் மனதில் சேர்ந்திருந்த காலம் அதோடு வருவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய இதழ்

நீங்கள் சொன்னதற்கு இன்னொரு சாட்சி, 2016இல் வந்த 'பேட்மேன் வி சூப்பர்மேன்'. அதில் இரண்டு பெரிய கதைகளின் கடைசிப் பக்கங்கள் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருக்கின்றன. 1986இல் ஃப்ராங்க் மில்லர் எழுதிய கதையில், பேட்மேனுக்கு வயது 55. வேலையை விட்டுப் பத்து வருடம் ஒதுங்கியிருந்தவர். எதிரில் நிற்கும் சூப்பர்மேன் பழைய கூட்டாளி. இரண்டு கிழட்டு நண்பர்கள் மோதிக்கொள்வதால்தான் அந்தச் சண்டை நெஞ்சில் கனக்கிறது. படத்தில் இருவருக்கும் பழக்கமே கிடையாது, அப்போதுதான் சந்தித்திருக்கிறார்கள். முறிவதற்கு அங்கே நட்பே இல்லை.

அது போதாதென்று 1992இல் வந்த சூப்பர்மேனின் மரணத்தையும் அதே படத்தின் கடைசியில் வைத்தார்கள். காமிக்ஸில் அவர் 1938 முதல் இருப்பவர். 54 வருடம் கழித்து வந்த சாவு அது. திரையில் இந்த சூப்பர்மேனுக்கு அது இரண்டாவது படம்தான்.

இதையே பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் 'இன்ஃபினிட்டி வார்' முடிவில் பாதிப் பேர் தூசியாய்ப் போனபோது அரங்கம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. அது மார்வெல் பட வரிசையில் 19வது படம். பத்து வருடம் நம்மைப் பழக்கிவிட்டு அப்புறம்தான் பிரித்தார்கள்.

நிழற்கோடு

இரண்டு பேர் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது பாதிதான். 2011இல் வந்த 'கிரீன் லேன்டர்ன்' எந்தத் தொடரின் கடைசி அத்தியாயம்? அது முதல் அத்தியாயம். நாயகன் ஹால் ஜோர்டனுக்குச் சக்தி தரும் மோதிரம் கிடைப்பதில் தொடங்குகிறது, முன்கதை எதுவும் தேவையில்லை. 20 கோடி டாலர் செலவு செய்தும் விழுந்தது.

என் கணிப்பில் இன்னொரு நோய் இருக்கிறது. எடுத்துக்கொண்ட மூலத்தைப் பார்த்தே கூசுவது. இப்படியே காட்டினால் ஜனங்கள் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் கதையின் முதுகெலும்பையே உருவிவிடுகிறார்கள்.

2007இல் வந்த இரண்டாவது 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தை நினைத்துப் பாருங்கள். 1966இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த கலாக்டஸ், கோள்களையே தின்பவன். கட்டடங்களை மிஞ்சும் உயரம், ஊதா நிறக் கவசம், இரண்டு பக்கமும் கொம்புபோல் நிற்கும் தலைக்கவசம். விவரித்தால் விளையாட்டாகத் தெரியும். கிர்பியின் கோடுகளில் பார்த்தால் வயிறு கலங்கும். படத்தில் அவனை ஒரு மேகமாக்கிவிட்டார்கள். மேகத்துக்கு முகம் கிடையாது, அதனால் அது பேசாது. காமிக்ஸிலோ நால்வர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவன் முன்னால் நின்று, ஓர் ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். அந்தப் பேரம்தான் கதையின் உச்சம். முகத்தை எடுத்த உடனேயே அந்தக் காட்சிக்கு வழி இல்லாமல் போனது. நான்கு வருடம் கழித்து 'கிரீன் லேன்டர்ன்' வில்லனும் ஏறக்குறைய மேகமாகவே வந்தான். 2025இல் வந்த புதிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கூச்சமில்லாமல் கலாக்டஸை அந்த உயரத்தோடும் கவசத்தோடும் நிறுத்தியது. யாரும் சிரிக்கவில்லை.

'கேட்வுமன்' (2004) இந்தக் கூச்சத்தின் எல்லை. 1940 முதல் இருந்த பாத்திரம். படத்தில் காமிக்ஸின் கேட்வுமனான செலினா கைல் இல்லை, பேட்மேன் இல்லை, காதம் நகரமும் இல்லை. பேஷன்ஸ் பிலிப்ஸ் என்று வேறொருத்தி, அழகுசாதன நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், பூனை வந்து சக்தி கொடுக்கிறது. மிச்சம் இருந்தது பெயரும் தோல் உடையும். 10 கோடி டாலர் போட்டு 8 கோடி டாலர் எடுத்தார்கள்.

கிரீன் லேன்டர்னுக்குத் திரும்ப வருகிறேன். மனதில் நினைத்ததை உருவாக்கும் மோதிரம் அது. அதை அணிபவன் பயத்தை வெல்ல வேண்டும். இவ்வளவு நல்ல விதையை வைத்துக்கொண்டு, வேற்றுக்கோளில் நடக்கும் பயிற்சியைச் சில நிமிடங்களில் ஓட்டிவிட்டு அவனைப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். விண்வெளிக் காவலர் படை என்பதே சற்றுக் கூச்சமான விஷயம் என்று நினைத்திருப்பார்கள்போல. அந்தப் படை இல்லாவிட்டால் இவன் பச்சை உடுப்புப் போட்ட இன்னொரு நாயகன், அவ்வளவுதான். அந்த உடுப்பைக்கூடத் தைக்காமல் கிராஃபிக்ஸில் ஒட்டினார்கள்.

புது வாசகி

நான் காமிக்ஸ் படித்ததில்லை, படங்கள் மட்டும் பார்ப்பேன். வெளியே இருந்து ஒரு கேள்வி.

'லோகன்' (2017) பார்த்து அரங்கிலேயே அழுதேன். அது எந்தக் கதையிலிருந்து எடுத்தது என்று அப்போது தெரியாது. பிறகு விசாரித்தபோது, மூலக்கதையில் ஹல்க்கின் குடும்பம் வரும், பார்வையிழந்த ஹாக்ஐ வருவார், படத்தில் அது எதுவுமே இல்லை என்றார்கள். அப்படியென்றால் மூலத்தை அவ்வளவு தூக்கிப் போட்ட படம் எப்படி ஜெயித்தது? மாற்றியதால் விழுந்தது என்று சொல்வது, படித்தவர்களின் வருத்தம் மட்டும்தானோ?

மைத்துளி

நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன்.

ஹியூ ஜாக்மன் லோகனாக, அதாவது வோல்வரினாக, முதலில் நடித்தது 2000இல். 'லோகன்' 2017இல். நீங்கள் 17 வருடம் பழகிய மனிதன் திரையில் இருமிக்கொண்டே நடக்கிறான். 1963இலிருந்து 1980 வரை எத்தனை வருடம்? அதே 17. எதேச்சைதான், ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் படத்துக்குத் தேவையான காலம் திரையிலேயே சேர்ந்திருந்தது. அதனால் காமிக்ஸிடமிருந்து ஒரு சாயலை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட முடிந்தது.

அதனால் நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மூலத்தை மாற்றுவது குற்றமில்லை. மூலம் எதன்மேல் நின்றதோ அதை எடுத்தால், அந்த இடத்தில் பாரம் தாங்கும் வேறொன்றை வைக்க வேண்டும். 'கேட்வுமன்' எடுத்தது, எதையும் வைக்கவில்லை.

வெட்டுமேசை

படத்தொகுப்பில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன், பெரும்பாலும் உதவியாளராக. இந்த விவாதத்தில் எழுதுகிறவர்கள், இயக்குகிறவர்கள் பற்றியே பேச்சு போகிறது. எங்கள் அறையில் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

படம் நீளம், இருபது நிமிடம் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். எதைக் குறைப்பீர்கள்? கிராஃபிக்ஸ் காட்சியைத் தொட முடியாது, பணம் போட்டாகிவிட்டது, ட்ரெய்லரிலும் வந்துவிட்டது. சண்டையைத் தொட முடியாது. மிஞ்சுவது இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி, ஒருவர் தனியாக இருக்கும் காட்சி. கத்தி எப்போதும் அங்கேதான் விழும். நான் வேலை செய்த ஒரு படத்தில், நாயகன் தன் அப்பாவின் பழைய சட்டையை மடித்து வைக்கும் ஒரு காட்சி இருந்தது. வசனமே கிடையாது, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சோதனைக் காட்சி பார்த்தவர்களில் யாரோ 'மெதுவாக இருக்கிறது' என்று எழுதிக்கொடுத்தார்கள், அது போயிற்று. கடைசியில் அவன் அப்பாவுக்காகச் சண்டைபோடும்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்தக் காட்சியை வெட்டியது என் கை. இன்றும் உறுத்துகிறது.

இதை அளந்து பார்க்க உங்களுக்கும் வழி இருக்கிறது. 2003இல் 'டேர்டெவில்' அரங்குக்கு வந்தபோது 103 நிமிடம். அடுத்த வருடம் இயக்குநரின் பதிப்பு 133 நிமிடம். அந்த அரைமணியில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு கொலைவழக்கு. நாயகன் மாட் மர்டாக் பகலில் வக்கீல் என்பதற்கு உயிர் கொடுக்கும் கிளைக்கதை. பகலில் சட்டத்தை நம்புகிறவன் ராத்திரியில் சட்டத்தை மீறுகிறான் என்பதுதானே அந்தப் பாத்திரம்? பகலை வெட்டிவிட்டு ராத்திரியை மட்டும் அனுப்பினார்கள்.

'ஜஸ்டிஸ் லீக்' இதைவிடக் கொடுமை. 2017இல் வந்தது சரியாக 120 நிமிடம். இயக்குநர் ஸாக் ஸ்னைடர் பாதியில் விலக நேர்ந்தது, வேறொருவர் வந்து நிறையக் காட்சிகளைத் திரும்ப எடுத்தார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அந்தச் சமயம் வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், எடுக்க அனுமதி இல்லை. கணினியில் மீசையை அழித்ததால் அவருடைய மேலுதடு பிசைந்த மாவுபோல ஆனது. எல்லோரும் அந்த உதட்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கு வலித்தது சைபோர்க், பாதி மனிதன் பாதி இயந்திரமான நாயகன். 2021இல் வெளிவந்த 242 நிமிடப் பதிப்பைப் பாருங்கள். அவன் ஆடிய அமெரிக்கக் கால்பந்து, அம்மாவை இழந்த விபத்து, அப்பாவோடு இருந்த மனக்கசப்பு, எல்லாம் இருக்கிறது. முழுப் படத்துக்கும் இதயமாக இருந்தவனை வெட்டி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு மணிநேரப் படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், அதிலும் குறைகள் உண்டு. ஆனால் அது ஒரு மனிதன் சொன்ன கதை.

2016இல் 'சூசைட் ஸ்குவாட்' படத்துக்கு, ட்ரெய்லர் செய்த நிறுவனத்தையே ஒரு பதிப்பு தொகுக்கச் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. படத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பாட்டோடு வருகிறது, பாட்டு முடியும் முன் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

பழைய இதழ்

வெட்டுமேசை நண்பரே, அந்தச் சட்டைக் காட்சி என்னை விடமாட்டேன் என்கிறது. எழுதியதற்கு நன்றி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மேலிடத்துத் தலையீடுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மைத்துளி தொடங்கிவைத்த அதே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேர்மான்ட்டும் பைர்னும் முதலில் யோசித்த முடிவில் ஜீன் சாகவில்லை. சக்தியை மட்டும் இழந்து உயிரோடு வீடு திரும்புகிறாள், பக்கங்கள்கூட வரைந்து முடிந்திருந்தன. முதன்மை ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 500 கோடி உயிரைக் கொன்றவள் தண்டனையே இல்லாமல் வீட்டுக்குப் போவதா என்று கேட்டார். கடைசி நேரத்தில் முடிவு மாறியது. நாம் இத்தனை வருடமாகக் கொண்டாடும் மரணம் தலையீட்டில் பிறந்ததுதான். பழைய முடிவை 1984இல் தனி இதழாகவே வெளியிட்டார்கள். படித்திருக்கிறேன், ஷூட்டர் சொன்னதே சரி.

அப்படியானால் என்ன வித்தியாசம்? ஷூட்டரின் கேள்வி கதைக்குள்ளிருந்து வந்தது. அவள் செய்ததற்கு விலை என்ன என்று கேட்டார். 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தை நெருக்கியது வெளியீட்டுத் தேதி. இயக்குநர் பிரையன் சிங்கர் விலகினார், அடுத்து வந்த மேத்யூ வானும் விலகினார், பிரெட் ராட்னர் வந்தார், தேதி மட்டும் நகரவில்லை. ஃபீனிக்ஸ் கதையோடு, மரபுமாற்றத்துக்கு மருந்து கண்டுபிடிக்கும் இன்னொரு பெரிய கதையையும் சேர்த்து 104 நிமிடத்தில் அடைத்தார்கள். ஸ்காட் தொடக்கத்திலேயே செத்துப்போகிறான். ஜீனின் கதையில் ஸ்காட் இல்லையென்றால் அவள் யாருக்காகத் திரும்பி வருவாள்?

ஒன்பது கட்டம்

எல்லோரும் மாற்றிய படங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரும்பாலும் மாற்றாமல் எடுத்துச் சறுக்கியது ஒன்று உண்டு. நான் உயிராக நேசிக்கும் புத்தகம் என்பதால் எழுத யோசித்தேன்.

'வாட்ச்மென்', ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986, 87இல் 12 இதழ்களாக வந்தது. 2009 படம் பல இடங்களில் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே நகல். முதல் முறை பார்த்தபோது, தெரிந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது என்று புரியவில்லை.

பிறகு புத்தகத்தை எடுத்து ஒரு சந்துச் சண்டையைப் பார்த்தேன். முகமூடியைக் கழற்றிவைத்த முன்னாள் நாயகர்கள் டேனும் லாரியும் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். காமிக்ஸில் அது சில சிறிய கட்டங்கள், இடையிடையே வேறொரு இடத்தில் நடக்கும் தொலைக்காட்சிப் பேட்டி. முடிந்ததும் இருவரும் மூச்சுவாங்க நிற்கிறார்கள், நடுவயதுக்காரர்கள். படத்தில் அதே அடிகள், ஆனால் எலும்பு முறியும் சத்தம், மெதுவாக ஓடும் காட்சி, அழகான உடம்புகள். புத்தகத்தில் டேனின் நைட் அவுல் உடுப்புக்குள் தொப்பை தெரியும். படத்தில் உடுப்பே தசைபோல வார்த்திருக்கிறது. முகமூடி போட ஆசைப்படும் மனிதர்கள் எவ்வளவு உடைந்தவர்கள் என்று காட்டிய கதை, அவர்களைப் பார்த்து வியக்கச் சொல்லும் படமாகிவிட்டது. வசனங்கள் பெரும்பாலும் மாறவில்லை, பார்வை மாறிவிட்டது.

இன்னொன்று, காமிக்ஸில் நேரம் வாசகன் கையில். பெரும்பாலான பக்கங்களில் ஒன்பது கட்டம், சீராக, கடிகாரம் மாதிரி. ஐந்தாவது இதழின் பக்க அமைப்பு, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒத்திருக்கும், நடுப்பக்கம் வரை அப்படியே. திரும்பிப் போய்ப் பார்க்கிறவனுக்காகச் செய்த வேலை அது. அரங்கில் உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் போக முடியாது. கட்டத்தை நகலெடுக்கலாம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடத்தை நகலெடுக்க முடியாது.

அதே படத்தில் அதிசக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கோளில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை முன்னும் பின்னுமாக நினைக்கும் பகுதி அபாரம். ஏனென்றால் அங்கே படத்தொகுப்பு தன் வேலையைச் செய்தது, காலத்தைக் கலைத்து அடுக்கியது. 2018இல் வந்த 'இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்' இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அச்சுப் புள்ளிகள், எழுத்துப் பெட்டிகள் எல்லாம் இருக்கும், ஆனால் சிறுவன் மைல்ஸ் தன் கால் தானாக நிற்பதற்கு எவ்வளவு தடுமாறுகிறான் என்பதைச் சொல்லத்தான் அவை வருகின்றன.

நிழற்கோடு

ஒரு சின்ன எச்சரிக்கை. 'விழுந்தது' என்ற வார்த்தையை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். 1995 'ஜட்ஜ் ட்ரெட்' படத்தில் ஸ்டாலோன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உலாவுகிறார். அந்தப் பாத்திரத்தின் முகத்தைக் காட்டவே கூடாது என்பது காமிக்ஸின் விதி. அவன் ஆள் இல்லை, சட்டம். 2012 'ட்ரெட்' படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவில்லை. வெறும் வாயும் தாடையும் வைத்து நடித்தார். என் மதிப்பில் அது மிகச் சரியான தழுவல். வசூலோ உலகம் முழுக்கச் சுமார் 4 கோடி டாலர், கைக்காசு போயிற்று. மறுபக்கம், 2007 'ஸ்பைடர்-மேன் 3' கிட்டத்தட்ட 90 கோடி டாலர் எடுத்தது. அதில் இயக்குநர் சாம் ரைமிக்கு மனம் ஒட்டாத வெனம் என்ற வில்லன் பாத்திரத்தை, ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்று தயாரிப்பாளர் சேர்க்கச் சொன்னார். அந்தப் பகுதிகளில் படம் எவ்வளவு அலுப்பாக இருக்கிறது என்று பாருங்கள். பணத்தை வைத்து இந்த விவாதத்தை முடிக்க முடியாது.

புது வாசகி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் பேசியதில் ஆசை வந்து அந்த ஃபீனிக்ஸ் தொடரை வாங்கிப் படித்தேன், எக்ஸ்-மென் இதழ்கள் 129 முதல் 137 வரை. முந்தைய 17 வருடத்தை நான் படித்ததில்லை. ஆனாலும் 137வது இதழில் அழுதேன். அதனால் மைத்துளி, உங்கள் கணக்கு முழுதாகச் சரியில்லை என்று நினைக்கிறேன்.

என்னை அழவைத்தது சண்டை இல்லை. நிலாவில் நடக்கப்போகும் மோதலுக்கு முந்தின இரவு, எக்ஸ்-மென் ஒவ்வொருவரும் தனியாக இருக்கும் பக்கங்கள் வருகின்றன. நாளை இவளுக்காகச் சாகலாமா, இவள் செய்ததற்குப் பிறகும் இவள் பக்கம் நிற்கலாமா என்று ஒவ்வொருவரும் தன் மனதோடு பேசிக்கொள்கிறார்கள். கதை அங்கே நகரவே இல்லை. அவர்கள் அவளை எவ்வளவு காலமாக நேசிக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அந்த 17 வருடத்தில் கொஞ்சத்தை அந்தப் பக்கங்களே எனக்குக் கொடுத்துவிட்டன.

மைத்துளி

அந்தப் பக்கங்களை நான் மறந்தே போயிருந்தேன். இப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு படத்திலும் அதற்குச் சமமான காட்சி ஒன்றுகூட இல்லை.

வெட்டுமேசை

எழுதியிருக்கலாம், எடுத்தும் இருக்கலாம். எல்லோரும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் யாரையும் அடிக்கவில்லை, கதை நகரவில்லை. இருபது நிமிடம் குறைக்கச் சொன்னால் நான் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான்.